சினைக் குதிரைகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளின் விலையும் நடையும் செய்தியாகின்றன. அவற்றின் குட்டிகளைக் கொல்லும் ரண ஜன்னியை, அதாவது டெட்டனஸை, பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் லாயத்தில் பிறந்த குட்டி எட்டு நாள் துள்ளித் திரிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் தாயின் மடிக்குக் கழுத்தை வளைக்க முடியாமல், காதுகள் விறைத்து, வால் தூக்கி, கால்களை அகட்டியபடி நின்றது. தகரக் கதவு இலேசாக ஆடிய ஓசைக்கே அதன் உடல் வெட்டி இழுத்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வொன்று ஏறி விழியை மறைத்தது. இரண்டு நாளில் இறந்துபோனது. தொப்புள்கொடியைப் புல்லறுக்கும் அரிவாளால் அறுத்து மஞ்சள் பூசியவர்கள் நாங்கள்தாம். பிழை எங்களுடையது.

இந்நோயின் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் விதைபோல ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, காற்றுப்புகாத காயம் கிடைத்தவுடன் விழித்து நஞ்சைச் சுரக்கிறது. வீட்டு விலங்குகளில் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். பெரிய குதிரைக்கு லாட ஆணிக் குத்து எப்படியோ, பிறந்த குட்டிக்குத் தொப்புள் அப்படி. மனிதக் குழந்தையைப் போலன்றி, குதிரைக் குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருளைப் பெறுவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலே அதற்கு முதல் கவசம். ஒரு நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அப்பொருளை உள்வாங்காது. தாய்க்கு ஊசி போடப்படவில்லையென்றால் அந்தச் சீம்பாலிலும் ரண ஜன்னிக்கு எதிரான வலு இராது.

ஆகவே, சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதமான குதிரைக்கு, குட்டி ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன் டாக்சாய்டு ஊசி, அதாவது ரண ஜன்னித் தடுப்பூசி, போட வேண்டும். முன்பு ஊசியே போட்டிராத குதிரையானால் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை என்பதால், ஒன்பதாம் மாதத்துக்குள்ளாவது தொடங்கிவிட வேண்டும். ஊசி போட்ட தாயின் குட்டிக்கு உடனே தடுப்பூசி போடுவதால் பெரிய பயனில்லை. சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருளே அதை மழுங்கச் செய்துவிடும். 4 முதல் 6 மாத வயதில் முதல் தவணையும், 4 முதல் 6 வாரம் கழித்து இரண்டாவதும், 10 முதல் 12 மாதத்தில் மூன்றாவதும் போடுவதே முறை. தாய்க்கு ஊசி போடாதிருந்தால் குட்டிக்கு எப்போது தொடங்குவது, காயம் பட்டால் எதிர்நஞ்சு ஊசி தேவையா என்பவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எதிர்நஞ்சின் காப்பு சில வாரங்களே நிற்கும். அது தடுப்பூசிக்கு மாற்றாகாது.

இதில் ஒரு முரணும் உண்டு. முதல் உலகப்போரில் எத்தனையோ வீரர்களை ரண ஜன்னியிலிருந்து காத்த எதிர்நஞ்சு குதிரைகளின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இன்று நம் வயல்வெளிகளில் பாம்புக்கடிபட்டவர்களைப் பிழைக்க வைக்கும் மருந்தும் குதிரை இரத்தத்திலிருந்துதான் வருகிறது.

மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும்போது தண்டோராவே போடுகிறார்கள். கோமாரி குதிரைக்கு வராது என்பதால் அந்த முகாம்களில் எங்களுக்கு வேலையில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் குதிரைகள் குறைவு என்பதை அறிவேன். ஆயினும் ஆடிச் சந்தையில் அவை ஒரே திடலில் சில நாட்கள் கூடி நிற்கின்றன. கால்நடை பராமரிப்புத் துறை அங்கே ஒரு பந்தலிட்டு, டாக்சாய்டு ஊசியும் அடுத்த தவணை நாளைக் குறித்த அட்டையும் கொடுத்தால், அட்டையைப் பார்த்து விலை பேசும் பழக்கமும் வியாபாரிகளிடம் தானாக வந்துவிடும். இவ்வாண்டுச் சந்தைக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.