சரோஜாவுக்கு ஒரு நீண்ட பதில்

திருச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள சரோ,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை. கோபமெல்லாம் இல்லையடி, உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது கம்பு இல்லாமல் மாடி ஏறுகிறேன். இதை முதலில் கோமதியிடம் சொல். பந்தயம் கட்டினவள் அவள்தானே, பாலக்கரை அல்வா வந்தாக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பார்வதி வீட்டு எண்பதாம் கல்யாணப் பந்தியில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், எல்.கே. மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் நமக்கு இன்றைக்கும் வாய் வராது. ஆனால் நீ சொன்னது என்னை விடவில்லை. "அரசாங்கம் ஒட்டுக்கேட்குதுன்னு வெளியே வந்து சொல்றவன் எல்லாம் ஒண்ணு விளம்பரப் பைத்தியம், இல்லே ரஷ்யாக்காரன் ஆளு. இவங்களை எப்படிடி நம்பறே?" என்றாய். பார்வதியின் கொழுந்தனாரோ போனை நீட்டி, வில்லியம் பின்னி பேசுகிற வீடியோவைக் காட்டி, இவர் சொன்னால் மறுபேச்சே கிடையாது என்றார். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி போல் மோதிக்கொண்டீர்கள். எனக்கு நீங்கள் இருவரும் ஒரே கட்சியாகத்தான் தெரிந்தீர்கள். இருவரும் ஆளைப் பார்த்து மார்க் போடுகிறீர்கள். அவர் பாஸ், நீ ஃபெயில்.

பின்னியையே எடுத்துக்கொள். கணித மேதை. அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 2001 அக்டோபரில் வெளியே வந்தார். சொந்த நாட்டு மக்களின் தொடர்புகளையே அள்ளிச் சேர்க்கிறார்கள் என்று அவர் சொன்னபோது கையில் ஒரு தாள்கூடக் கிடையாது. 2007இல் எஃப்.பி.ஐ. வீட்டுக்குள் நுழைந்து, குளித்துக்கொண்டிருந்த மனுஷன் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டியது. ஆறு வருஷம் கழித்து, அங்கே ஒப்பந்த வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ரகசிய ஆவணங்கள், பின்னி சொன்னதன் அடிப்படை சரி என்று காட்டின. அதோடு கதை முடிந்திருந்தால் கொழுந்தனார் ஜெயித்திருப்பார். ஆனால் 2017இல் அதே பின்னி, அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் கோப்புகளை வெளியிலிருந்து யாரும் ஹேக் செய்திருக்க முடியாது, நகலெடுத்த வேகமே அதைக் காட்டுகிறது என்றார். அந்தக் கணக்கு அவர் கண்ணால் பார்த்தது இல்லை, பெயர் தெரியாத யாரோ இணையத்தில் போட்டது. அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தாமஸ் டிரேக். அதே என்.எஸ்.ஏ., அதே போராட்டம், அதே வருஷம் அவர் வீட்டிலும் எஃப்.பி.ஐ. சோதனை. பின்னி நம் ஆள் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை பார், அதைத்தான் நான் மெச்சுகிறேன். 2020 தேர்தலுக்குப் பிறகு பின்னி வாக்காளர் எண்ணிக்கை உதைக்கிறது என்று ஒரு கணக்கும் போட்டார். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை வைத்துக் கணக்கிட்ட சதவீதத்தைப் பதிவு செய்த வாக்காளர்கள்மேல் ஏற்றியதால் வந்த பிழை அது.

இப்போது சொல், பின்னியை நம்பலாமா கூடாதா? கேள்வியே கோணல், சரோ. தன் மேஜையில் தானே கட்டிய ஏற்பாட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்புகிறேன். தான் பார்க்காததைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை. இரண்டையும் சொன்னது ஒரே வாய் என்பதால் ஒன்று இன்னொன்றைக் காப்பாற்றவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது.

போன வருஷம் மகள் வீட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ பக்கம் போயிருந்தேன் இல்லையா, அங்கே மாப்பிள்ளையை நச்சரித்து ஃபோல்சம் தெருவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். 611ஆம் எண். கோல்டன் கேட் பாலத்தை விட்டுவிட்டு டெலிபோன் கட்டடத்தைப் பார்க்க வந்த மாமியார் நீங்கள் ஒருத்திதான் என்றார். பதினெட்டு மாடி. வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் ஆறாம் மாடியில் 641ஏ என்று ஓர் அறை இருந்ததே, அதை உலகத்துக்குச் சொன்ன மார்க் க்ளைன் நம் ஜாதி, சரோ. டெலிபோன் ஜாதி. ஏ.டி. அண்டு டி. கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியன். ஏழாம் மாடியில் இணையப் போக்குவரத்து ஓடுகிற ஃபைபர் லைன்களில் ஸ்ப்ளிட்டர் மாட்டியிருந்தார்கள். ஒளியை இரண்டாகப் பிரிக்கிற சின்னக் கண்ணாடிச் சமாச்சாரம். ஒரு பங்கு வழக்கம்போல் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இன்னொரு பங்கு, அச்சு அசல் நகல், கேபிள் வழியே ஆறாம் மாடிக்கு இறங்கும். அங்கே 24 அடிக்கு 48 அடியில் ஓர் அறை. அதற்குள் போக என்.எஸ்.ஏ. அனுமதி உள்ளவருக்கு மட்டும்தான் சாவி. புது சர்க்யூட்டுகளை அந்த ஸ்ப்ளிட்டரில் இணைக்கும் வேலை க்ளைன் தலையில் விழுந்தது. இணைத்துக் கொடுக்கும்போதே, எது எங்கே போகிறது என்று வயரிங் பட்டியலில் பார்த்துவிட்டார்.

2004இல் ஓய்வு பெற்றார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்பதைப் பற்றி எழுதியது. 2006 ஜனவரியில் இவர், இணைய உரிமைகளுக்காக வழக்காடும் எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் அலுவலகக் கதவைத் தட்டினார். கையில் நூறு பக்கத்துக்கு மேல் வரைபடமும் அட்டவணையும். அந்த அமைப்பு அவர் முகத்தைப் பார்த்து நம்பிவிடவில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் ஆலோசகராக இருந்த ஸ்காட் மார்கஸ் என்ற நிபுணரிடம் காகிதங்களைக் கொடுத்து, இது உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டது. அவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்து, நம்பத் தகுந்தது என்று, அந்த அமைப்பு ஏ.டி. அண்டு டி.மேல் போட்ட வழக்கில் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது கம்பெனியின் வாதம். இவை எங்கள் வியாபார ரகசியம், திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார்கள்! பொய்க் காகிதத்தை யாராவது எங்களுடையது என்று திருப்பிக் கேட்பார்களா?

அந்த மனுஷன் பேச்சில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேபிள் அறைக்குள் போவதைப் பார்த்தேன் என்பார். உள்ளே அதை வைத்து என்ன செய்தார்கள் என்று கதை கட்ட மாட்டார். மற்ற ஊர்களிலும் இதே ஏற்பாடு உண்டு என்று சொல்லும்போது, அது பிறர் சொல்லிக் கேள்விப்பட்டது என்று பிரித்தே சொல்வார். வழக்கு என்ன ஆனது என்று கேட்பாய். 2008 ஜூலையில் ஒரு சட்டம் போட்டு, அரசுக்கு உதவிய கம்பெனிகளுக்குப் பின்தேதியிட்டு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட செனட்டர்களில் ஒபாமாவும் ஒருவர். வழக்கு தள்ளுபடியானது. க்ளைன் 2025 மார்ச்சில் காலமாகிவிட்டார் என்று செய்தி பார்த்தேன். விளம்பரப் பைத்தியம் என்று நீ சொன்ன கூட்டத்தில் இந்த மனுஷனும் சேர்ந்துவிடுகிறாரே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மேலதிகாரிகிட்ட முறையா சொல்லலாமே" என்றும் கேட்டாய். டிரேக் அதைத்தானே செய்தார். ஏஜென்சிக்குள் சொன்னார், பாதுகாப்புத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் விசாரணைக்கு ஒத்துழைத்தார், நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார். 2010இல் பத்துக் குற்றச்சாட்டுகள், 35 வருஷம் வரை சிறை என்று மிரட்டல். அடுத்த வருஷம் வழக்கு ஒன்றுமில்லாமல் போனது. கணினியை அனுமதிக்கு மீறிப் பயன்படுத்தினார் என்று ஒரே ஒரு சிறு குற்றம், 240 மணி நேரச் சமூக சேவை. நீதிபதியே அரசாங்கத்தைக் கடிந்துகொண்டார். அதற்குள் அவர் வேலையும் பென்ஷனும் போய், ஆப்பிள் கடையில் வேலைக்கு நின்றார். ஸ்னோடன் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

சரி, உன் ஸ்னோடனுக்கு வருகிறேன். உன் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2014இல் ரஷ்யத் தொலைக்காட்சியில் புடினிடம், உங்கள் நாட்டில் இப்படி மொத்தமாக உளவு பார்க்கிறீர்களா என்று கேட்டான். அவர் இல்லை என்றார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. 2022இல் உக்ரைன்மேல் படையெடுப்பு வரும் என்றவர்களைக் கிண்டல் செய்தான், படையெடுப்பு வந்தது. அதே வருஷம் ரஷ்யக் குடியுரிமையும் வந்தது. இரண்டு காலும் உடைந்து ராணுவப் பயிற்சியை விட்டேன் என்றான், வெறும் கணைக்கால் எலும்பு வலிதான் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2016இல் எழுதியது. என் மேஜையிலிருந்து ஜனாதிபதியைக்கூட ஒட்டுக்கேட்பேன் என்று அவன் பேட்டியில் சொன்னதும் மிகைதான்.

ஆனால் 2013 ஜூனில் கார்டியன் பத்திரிகையில் வந்த அந்த முதல் ஆவணத்தை எடுத்துப் பார். ரகசிய நீதிமன்ற உத்தரவு. நீதிபதி ரோஜர் வின்சன் கையெழுத்து, 2013 ஏப்ரல் 25. வெரைசன் பிசினஸ் கம்பெனி தினந்தோறும், ஜூலை 19 வரை, எல்லா அழைப்புகளின் விவரத்தையும் தர வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம். பேச்சு வேண்டாம், விவரம் மட்டும் போதும்.

சரோ, இது என்ன என்று உனக்கும் எனக்கும் யாராவது விளக்க வேண்டுமா? எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு வெளியூர் காலுக்கும் நாம் எழுதின டிரங்க் டிக்கெட்! ஒரு கையில் கார்டு, மறு கையில் பென்சில், கூப்பிடுகிற நம்பர், கேட்ட ஊர், பி.பி., அதாவது இன்னார்தான் வேண்டும் என்று கேட்ட கால் என்றால் பெயர், கனெக்ட் ஆன நேரம், எத்தனை நிமிஷம். இவ்வளவுதான் அந்தச் சின்னத் தாளில். ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து ஹெட்செட் கீயைத் தொடமாட்டாய் நீ. ஆனால் அந்த ஜவுளிக்கடைக்காரர் சாயங்காலம் சாயங்காலம் வேலூருக்கு ஆர்டினரி கால் போட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் விடியற்காலையில் லைட்னிங், அதாவது அதி அவசரக் கால் கேட்டு, அதன் பிறகு வேலூருக்கே கால் போடாமல் நின்றுபோனாரே, அன்றைக்கு போர்டில் உட்கார்ந்து அழுதவள் யார்? அவர் பேசின ஒரு வார்த்தைகூட நீ கேட்டதில்லை. டிக்கெட்டிலேயே தெரிந்துவிட்டது உனக்கு. பேச்சைக் கேட்கவில்லை, விவரம்தானே எடுத்தோம் என்று அந்த அரசாங்கம் சொல்லும்போது உலகத்தில் முதலில் கோபப்பட வேண்டியவர்கள் நாம் அல்லவா? அதுவும் ஒரு ஊரின் டிக்கெட் இல்லையடி, ஒரு தேசத்தின் டிக்கெட்டுகள்.

அந்தத் தாள் உண்மையா என்று பார்க்க ஸ்னோடனின் காலை யாரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டாம். அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 2015 மே மாதம், இப்படி மொத்தமாக அள்ள, அரசு ஆதாரமாகக் காட்டிய சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று அப்பீல் நீதிமன்றம் சொன்னது. 2020 செப்டம்பரில் இன்னொரு அப்பீல் நீதிமன்றமும் சட்டவிரோதம் என்றது. அதே தீர்ப்பில், இந்தத் திட்டத்தால்தான் ஒரு தீவிரவாத வழக்கே கிடைத்தது என்று உளவுத் துறைத் தலைவர்கள் வெளியே பேசியதற்கும் ரகசியப் பதிவேட்டுக்கும் பொருந்தவில்லை என்றும் எழுதியது. ஆனால் ஸ்னோடன் விஷயத்தில் எல்லாமே முதல் நாள் எழுதியபடி நிற்கவில்லை. பிரிசம் என்ற திட்டத்தில் கூகுள் போன்ற கம்பெனிகளின் சர்வருக்குள் அரசு நேரடியாக நுழைகிறது என்று முதலில் செய்தி வந்தது. பிறகுதான், குறிப்பிட்ட முகவரிகளைக் கொடுத்துச் சட்டப்படி கேட்டு வாங்குகிறார்கள் என்று தெளிவானது. நான் ஸ்னோடன் கட்சிக்காரி என்று நீ என்னைக் கட்டம் கட்டிவிடாதே.

உன்மேல் எனக்கு உண்மையான வருத்தம் வேறு இடத்தில். பொய் சொன்னவனை நம்பக் கூடாது என்ற உன் சட்டத்தை நீ ஒரு பக்கத்துக்கு மட்டும் போடுகிறாய். 2013 மார்ச் 12, செனட் விசாரணை. செனட்டர் ரான் வைடன் நேருக்கு நேர் கேட்கிறார்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்.எஸ்.ஏ. ஏதாவது தகவல் திரட்டுகிறதா? உளவுத் துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இல்லை ஐயா, தெரிந்தே செய்யவில்லை என்கிறார். மூன்று மாதத்தில் அந்த உத்தரவு வெளியே வந்தது. அவர்மேல் வழக்கில்லை, பதவியும் போகவில்லை. உத்தரவை வெளியே காட்டினவனுக்குச் சொந்த நாட்டில் இடமில்லை. இதில் யார் நம்பகமானவர் என்று எந்தத் தராசில் நிறுத்தாய், சொல்லு. அரசாங்கம் காகிதத்தையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியே வந்தவனைப் பார்த்து ஆதாரம் எங்கே என்கிறது. எடுத்துக்கொண்டு வந்தால் திருடன். வெறுங்கையோடு வந்தால் பைத்தியம். இந்த இரண்டு பெயரையும் நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கொழுந்தனாருக்கு நானே போன் செய்து பேசிக்கொள்கிறேன், நீ இதைப் போய்ப் படித்துக் காட்டி வம்பு வளர்க்காதே. உனக்கு நான் சொன்னதில் எது பிடிக்கவில்லையோ அதை எழுது. "அவன் அப்படிப்பட்டவன்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்தப் பேச்சு, எந்தத் தாள், யார் சரிபார்த்தது என்று எழுது.

தை பிறந்ததும் பென்ஷன் அதாலத்துக்கு இங்கே வருவாய் அல்லவா, லாட்ஜ் எதுவும் போடாதே, நேரே வீட்டுக்கு வா. எல்.கே. மேடத்தையும் ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம், கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். குட்டிக்கு என் முத்தம்.

உன்
கமலா