செயலாளர் ஆண்டறிக்கை: யட்சி கொலை செய்யலாமா?

தலைவர் அவர்களுக்கும் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒன்று என்று பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டோம், பத்துதான் நடந்தன. ஒன்று மழையில் போயிற்று. ஓண விடுமுறை மாதத்துக் கூட்டத்தை நானே மறந்துவிட்டேன், மன்னிக்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு குறைவு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இந்த ஆண்டு முழுக்கத் துப்பறியும் நாவல்தான் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நம் பிள்ளைகளில் பலர் மலையாள மீடியம். தமிழ் வாயில் வரும், எழுத்துக் கூட்ட வராது. அதனால் ஒருவர் முன்கதையைச் சொல்லிவிட்டுப் பின்பகுதியைச் சத்தமாக வாசிப்பார். கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்துவார். கொலைகாரன் பெயரை எல்லோரும் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.

ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனில் ஆரம்பித்தோம். 1908-இல் வந்த ‘ராஜாம்பாள்’. அந்த நடையில் சின்னவர்கள் தூங்கிவிட்டார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் வந்த மாதம் பெரியவர்கள் உற்சாகமாகி, அவரைப் போலவே டீ கேட்டார்கள். கையிருப்பு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ராஜேஷ்குமாருக்குச் சீட்டு அதிகம் விழுந்தது. கோயம்புத்தூர்க்காரர், பஸ் ஏறினால் நம் ஊர் மாதிரிதானே!

சண்டை ஆரம்பித்தது சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வாசித்த அன்று. நடப்பது பேய் வேலையா, ஒளியால் காட்டும் ஹோலோகிராம் உருவமா என்று கணேஷும் வசந்தும் இழுபறி நடத்தும் கதை. அடுத்த மாதம் கருப்பசாமியைச் சுற்றி வரும் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’. அதற்கடுத்து, மலையாளம் நன்றாகத் தெரிந்த அக்கா ஒருவர் மலையாளத் துப்பறியும் எழுத்தாளர் கோட்டயம் புஷ்பநாத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னார். புஷ்பநாத் வரலாற்று ஆசிரியராக இருந்தவர், துப்பறிவாளர் மார்க்சினை ஐரோப்பா முழுக்கச் சுற்றவைத்தார். அதில் டிராகுலா வந்ததும் நம் மாஷ், அதாவது வாத்தியார், எழுந்துவிட்டார்: “பேய் வந்தால் அப்புறம் துப்பு எதுக்கு?”

மாஷ் பக்கம் ஆதாரம் உண்டு. ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் கூடவே கூடாது, ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது என்பவை அதில் இரண்டு. பாதிரியாரே பேயை வெளியே அனுப்பிவிட்டார், நாம் யார் என்றார் மாஷ்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பனைமரத்தில் இருக்கும் பெண் பேய், நம் கரிம்பனை யட்சியையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி தனியாகப் போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்பாள். காலையில் பனையடியில் முடியும் நகமும்தான் மிச்சம். இரும்பு ஆணி அடித்தால் அடங்குவாள். இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அவள் என்ன செய்வாள், எதற்கு அடங்குவாள் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும்போது அவள் கதைக்குள் வந்தால் யாரும் ஏமாறவில்லை. பனையடியில் நகம் கிடந்து, ஆள் சட்டைப்பையில் சுண்ணாம்பு டப்பா திறக்கப்படாமலே இருந்தால், கொன்றது யட்சி இல்லை என்று நானே சொல்லிவிடுவேன்.

ராண்டல் கேரட் எழுதிய லார்ட் டார்சி கதைகளும் இப்படித்தான். அங்கே மந்திரவாதிக்கு லைசென்ஸ் உண்டு, மந்திரத்துக்கு விதி உண்டு. ஒரு நாவலில் மந்திரவாதிகள் மாநாட்டில் பூட்டிய அறைக்குள் கொலை. யாரும் கைவீசி முடிச்சை அவிழ்க்க முடியாது, துப்பறிந்துதான் ஆக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று புதுச் சக்தி முளைப்பதுதான் மோசடி. “பேய் வரலாம், அதன் சட்டம் பாதிக் கதைக்குள் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்று தீர்மானம் போட்டோம். நிறைவேறியது. மாஷ் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார், குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

ஒரு புகார். இரவல் வாங்கிய நாவல் ஒன்றின் மூன்றாம் பக்கத்தில் யாரோ பச்சை மையில் கொலைகாரன் பெயரை எழுதி வைத்திருந்தார். வாசித்தவர் அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைக்க, எல்லோரும் அதே பெயரைச் சீட்டில் எழுதினோம். அந்தப் பெயர் தப்பு. ஒருவருக்கும் விடை சரியாக வராத ஒரே கூட்டம் அதுதான்.

நம் அலமாரியிலிருந்து நான்கு க்ரைம் நாவல்கள் இன்னும் திரும்பி வரவில்லை. பதிவேட்டில் எடுத்தவர் பெயர் இல்லை, தேதி மட்டும் இருக்கிறது, அதுவும் பச்சை மையில். சம்பந்தப்பட்டவர் இன்று இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் புத்தகங்கள் வந்துவிட்டால் பெயரை வெளியில் சொல்ல மாட்டேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்