கதவுக்கு வெளியே ஒரு தட்டு

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

வேலையை விட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து கணக்கு படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பாப்பா. ஆலிவர் ஹெவிசைடு என்ற அந்தக் காலத்து ஆங்கிலேயரின் ஞாபகம்தான் வந்தது.

நான் டெலிபோன் கேபிள்களை ஒட்டுப்போடும் கேபிள் ஜாயின்டராக இருந்த காலம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்போது ஈய உறை போட்ட பேப்பர் கேபிள்தான். குழிக்குள் இறங்கி ஈயத்தை வெட்டினால், செம்புக் கம்பி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய காகிதம் இருக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்துக் கொதிக்கிற மெழுகில் போடுவோம். நுரைத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கிற நீளமான கேபிள்களில் 1,830 மீட்டருக்கு ஓர் இடத்தில் இரும்புப் பானை மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் ஒரு காயில், 88 மில்லிஹென்றி. அதுதான் லோடிங் காயில், தூரத்துக் குரலைத் தெளிவாக்குவது. அதற்கு வழி காட்டியவர் யார் என்று பயிற்சி மையத்தில் ஒரே ஒரு வரி சொன்னார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நானே தேடித் தேடிப் படித்தேன்.

ஹெவிசைடு 1850-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது. பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்தார். 1873-ல் மேக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர் எழுதிய மின்காந்தப் புத்தகம் கைக்கு வந்தது. படித்தால் புரியவில்லை, அதற்கு வேண்டிய கணக்கும் தெரியாது. அடுத்த வருஷமே, இருபத்து நாலு வயதில், வேலையை விட்டுவிட்டு அப்பா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் எந்த வேலைக்கும் போகவே இல்லை. அந்தப் புத்தகம் பிடிபடச் சில வருஷங்கள் ஆயின. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார், வீட்டார் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த மூடிய அறையில் என்ன நடந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளாக எழுதியதை இன்று நீங்கள் கல்லூரியில் படிக்கிற நான்காகச் சுருக்கியதில் பெரும்பங்கு அவருடையது. நீ பரீட்சைக்கு உருப்போட்ட ‘இம்பிடன்ஸ்’, ‘இன்டக்டன்ஸ்’ எல்லாம் அவர் வைத்த பெயர்கள். ஜோடிக் கம்பி நெருங்கிக் கிடந்தால் அதுவே மின்சாரத்தைப் பிடித்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடும். பேச்சில் உள்ள கூர்மையான ஓசைகளை வழியிலேயே விழுங்கிவிடும், அந்தப் பக்கம் கேட்பவருக்கு முனகல்தான் மிஞ்சும். காயில் தருகிற இன்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கிற குணம், இருந்தால் இன்னும் கெடும் என்றுதான் பெரிய பொறியாளர்களே நம்பினார்கள். இல்லை, அதைக் கூட்டினால்தான் குரல் தெளியும் என்று 1887-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரிட்டிஷ் தபால் துறையில் வில்லியம் பிரீஸ் என்ற பெரிய அதிகாரி அந்தக் கட்டுரை வெளிவராமல் தடுத்துவிட்டார். ஹெவிசைடு காப்புரிமையும் வாங்கவில்லை. 1900-ல் அமெரிக்காவில் பூப்பின் என்ற பேராசிரியர் அந்த லோடிங் காயிலுக்குக் காப்புரிமை பெற்றுப் பெரும் பணம் பார்த்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ராத்திரியில் தாத்தா சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்பாரே, அந்த அலை கடல் தாண்டி நம் வீட்டுக்கு வந்தது வானத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்குகளில் பட்டுத் திரும்பித்தான். அப்படி ஓர் அடுக்கு இருக்கக்கூடும் என்று 1902-ல் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

சரி, இதையெல்லாம் நீ கூகுளில் பார்த்துக்கொள்வாய். நான் சொல்ல வந்தது வேறு.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவருக்குத் தட்டு வைக்க ஆள் இல்லை. கடைசிக் காலத்தில் டார்க்கீ என்ற கடலோர ஊரில், மேஜை நாற்காலியை எடுத்துவிட்டுக் கருங்கல் பாளங்களைப் போட்டுக்கொண்டு இருந்தார். நகத்துக்கு ரோஜா நிறச் சாயம் பூசியிருப்பார். கடிதங்களில் பெயருக்குப் பின்னால் ‘புழு’ என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளைப் பட்டம் மாதிரிப் போடுவார். 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் அவருக்குத்தான் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரியில் இறந்தார். கிறுக்கன் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. இரண்டு ஊருக்கு நடுவே குரல் தெளிவாகக் கேட்க வழி சொன்ன மனிதருக்குக் காது மந்தம், பேசவும் ஆள் இல்லை.

நீ வேலையை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அத்தை கேட்டாள், “என் பிள்ளை படிக்கிறாள்” என்று சொல்லிவிட்டேன். என் பென்ஷன் இருக்கிறது, எத்தனை வருஷமானாலும் படி. நீ போனை எடுக்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். விடியற்காலை அங்கே இருப்பேன். அம்மா புளிக்காய்ச்சலும் கறிவேப்பிலைப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வரமாட்டேன். உன் நோட்டை எடுத்து வை, எனக்குப் புரிகிற வரைக்கும் சொல்லு.

அன்புடன்,
அப்பா