மேகக் கையும் முழங்கால் நோவும்

யாழ்ப்பாணம்

அன்பின் தவம்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே மாரி விட்டுவிட்டுப் பெய்கிறது. முற்றத்து மணல் இறுகிக் கிடப்பதால் தாய்ச்சி என்ற சீன மெல்லசைவுப் பயிற்சிக்கு நல்ல தரை.

தாய்ச்சியில் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் மாறிமாறி வட்டமிடும் மேகக் கை அசைவைச் செய்து வலப்பக்கம் திரும்பினால் இடது முழங்காலின் உட்பக்கம் நோகுதென்று எழுதியிருந்தாய். நோவு முழங்காலில், பிழை இடுப்பில் என்றே நினைக்கிறேன். முழங்கால் மடங்கி நிமிர வந்த மூட்டு, திருகுவதற்கு அதில் இடம் கொஞ்சம். நாரி, அதாவது கீழ்முதுகும் அப்படித்தான். அதன் 5 முள்ளெலும்பும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 பாகைதான் திரும்பும். மிச்சத் திருப்பத்தில் பெரும்பங்கைத் தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டுத்தான் தரவேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது வலது தொடையடி மடிப்பு, தொடை வயிற்றோடு சேரும் இடம், உள்வாங்கி மூடவேண்டும். மூடாவிட்டால் இடது முழங்கால் உள்ளே சரியும், அந்தப் பாதத்தின் வெளிவிளிம்பு நிலத்தைவிட்டுக் கிளம்பும். உனக்கு நடப்பது இதுதான்.

கொஞ்ச நாளைக்குக் கைகளை விட்டுவிடு. பாதங்களைத் தோளகலத்தில் நேராக வை. விரல் நுனிகளை இரண்டு தொடையடி மடிப்பிலும் பதித்து, பாரத்தை வலக்காலுக்கு மாற்றிக்கொண்டே கொப்பூழை வலப்பக்கம் கொண்டுபோ. வலது விரல்கள் மடிப்புக்குள் அமிழவேண்டும். இடது முழங்கால் அந்தப் பாதத்தின் இரண்டாம் விரலின் நேரைவிட்டு அசையத் தொடங்குகிற இடத்தோடு நிறுத்து. அது 30 பாகையிலேயே வந்தால் அவ்வளவுதான் இப்போதைக்கு. 45 பாகையை எட்டவேண்டுமென்று வலிந்து திரும்பாதே. தலை உயர்ந்து தாழவும் கூடாது. திரிகையின் மேல்கல் முளையைவிட்டு விலகாமல் சுற்றுகிறதே, உச்சியிலிருந்து கவடு வரையான கோடு அப்படி நிமிர்ந்திருக்கட்டும்.

பிறகு கை அசைவையும் சேர்த்துச் செய்யும்போது மேற்கை மூக்குக்கு நேரே இருக்கவேண்டும். கை முந்தினால் தோள் தூக்கும், வட்டம் உடையும். முகத்தைக் கடக்கும்வரை உள்ளங்கை உன்னைப் பார்க்கும், ஓரத்தில்தான் வெளியே புரளும். தாய்ச்சியின் சென் பாணியில் வரும் பட்டுநூல் சுழற்சியைப் பற்றிக் கேட்டாயே, அதன் தொடக்கமும் இதுதான்: இடுப்பின் திருப்பமும் முன்கையின் புரளலும் ஒரே நேரத்தில் முடியவேண்டும். யாங் பாணி ஆசான் யாங் செங்ஃபூவின் 10 விதிகளில் இடுப்பைத் தளர்த்துவது தனி விதியாகவே இருக்கிறது. அதை வயிற்றை இறுக்கிக்கொண்டு செய்யமுடியாது.

இன்னொன்று. நீங்கள் பருத்தித்துறையில் பழகுவது சீமெந்துத் தரையில். றப்பர் செருப்பு அதில் ஒட்டிப் பிடிக்கும். குதிக்காலில் பாதத்தைத் திருப்பும் அசைவுகளில் திருகல் முழுதும் முழங்காலுக்கு ஏறும். வெறுங்காலோடு நில். பாரத்தைப் பின்காலுக்கு எடுத்த பிறகே முன்பாதத்தைத் திருப்பு. ஓய்ந்திருக்கும்போதும் நோவு இருந்தால், முழங்கால் வீங்கினால், பழகுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டு.

அன்புடன்,
சிவம்