போனைக் கட் பண்ணாதே, மங்கை

திருச்சி,
ஞாயிறு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கோமதி அக்கா வீட்டுப் பத்திரிகையும் வந்து சேர்ந்தது, மண்டபம் உறையூரிலாம். மற்ற சமாசாரமெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம். எனக்கு இப்போது அமெரிக்காவில் இருக்கும் உன் பேரன் ஆதி விஷயம்தான் மண்டையைக் குடைகிறது.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இரண்டு வயது இரண்டு மாதப் பிள்ளை சரியாகப் பேசவில்லை என்று காட்டப் போனால், "குழந்தை குழம்புகிறான், வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாரே அந்த டாக்டர்! இந்தப் பேச்சை இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாவதில்லை. பிறவியிலேயே பேச்சும் வளர்ச்சியும் தாமதமாகிற டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வைத்தே பார்த்துவிட்டார்கள். இரண்டு மொழியில் வளர்கிறவர்கள், ஒரே மொழியில் வளரும் அதே நிலைப் பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிடவில்லை. நம் ஆதிக்கு மட்டும் தமிழ் பாரமாகிவிடுமா?

இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது வர வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதை இரண்டு மொழிக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். 'பால்' ஒன்று, 'மில்க்' ஒன்று. "நோ பால்" என்று தட்டிவிட்டால் அதுவும் இரண்டு சொல் சேர்ந்த பேச்சுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் அவன் வாயில் வரும் சொல்லையெல்லாம் எழுதிவைக்கச் சொல். "ப்ப்பூ" என்றால் பூ என்று வீட்டுக்குப் புரிகிறதல்லவா, எழுதிக்கொள்ளலாம். டே-கேரிலும் கேட்டு எழுத வேண்டும். இங்கிலீஷை மட்டும் எண்ணிவிட்டு 'பன்னிரண்டு சொல்' என்று யாரோ குறித்திருந்தால் அது பாதிக் கணக்கு.

அதற்கும் முன்னால் காது டெஸ்ட். பிறந்தபோது பாஸ் ஆனான் என்பது போதாது. அடிக்கடி சளி பிடிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் பஞ்சு அடைத்த மாதிரிதான் கேட்கும், அதை வைத்துக்கொண்டு 'ட'வையும் 'த'வையும் பிள்ளை எப்படிப் பிரித்தறிவான்? இன்னும் மூன்று கேள்வி அவன் அப்பா ரமேஷிடம் கேள். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வானத்தில் ஏரோப்ளேன் போனால் விரலை நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொல் எதையாவது விட்டுவிட்டானா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றாலோ, முதல் இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. எப்படியானாலும், அங்கே மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 'ஏர்லி இன்டர்வென்ஷன்' என்று அரசு ஏற்பாடு இருக்கிறது. மதிப்பீட்டுக்குக் காசு கிடையாது, டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றவர்களே போன் போட்டுக் கேட்கலாம். வீட்டில் பேசும் மொழியிலும் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று வயது முடிந்தால் விஷயம் பள்ளி நிர்வாகத்துக்குப் போய்விடும். இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது.

இதெல்லாம் கடிதத்தின் கால்வாசி. மீதியை இனிமேல்தான் எழுதப்போகிறேன். காபி போட்டுக்கொண்டு உட்கார்.

அவன் அம்மா திவ்யா இப்போது அவனிடம் இங்கிலீஷ் மட்டும் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஆபீஸ் மீட்டிங்கில் அவள் இங்கிலீஷ் வெளுத்து வாங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அழுகிற பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு சமாதானம் பண்ணுவதும், சோற்றைக் காட்டி ஏமாற்றுவதும், பொய்க்கோபம் காட்டுவதும், "என் ராசா இல்ல, என் தங்கம் இல்ல" என்று தாங்குவதும் அவளுக்கு எந்த மொழியில் வரும்? அவள் அம்மா அவளைக் கொஞ்சிய மொழியில்தான் வரும். அதற்கு மூடி போட்டுவிட்டால் மிச்சமிருப்பது "குட் ஜாப்", "நோ", "கம் ஹியர்". ஏற்ற இறக்கம் போய்விடும். பேச்சின் அளவே குறைந்துவிடும், சொல்லத் தெரியாத இடத்தில் யாரும் வாயை மூடிக்கொள்வார்கள் இல்லையா?

பாஸ்டனில் கேத்தரின் ஹாரிஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதை அளந்தே பார்த்தார்கள், 2003-ல் வெளியானது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பிற்பாடு இங்கிலீஷ் கற்றவர்களை உட்காரவைத்து, விரலில் கருவி மாட்டி, இரண்டு மொழிச் சொற்களையும் கொடுத்து, மனம் பதறினால் கூடுகிற தோலின் மின்கடத்தல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் கடிந்துகொள்ளும் வார்த்தைகள் இருக்கின்றனவே, அவை துருக்கி மொழியில் விழுந்தபோது உடம்பு அதிகமாகப் பதறியது, இங்கிலீஷில் அவ்வளவு இல்லை. பொருள் இரண்டிலும் புரிந்தது, தைத்தது ஒன்றில்தான். ஆதிக்கு எது தைக்க வேண்டுமோ அதைத் திவ்யாவுக்குத் தைத்த மொழியில்தான் அவள் தர முடியும்.

இனி உன் பாடு. "வீடியோ கால்ல ரெண்டு நிமிஷத்துல ஓடிடுறான், நான் வேண்டாதவளாகிட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை உடனே அடித்துவிடு. அந்த வயதில் ஒரே இடத்தில் மூன்று, நான்கு நிமிஷம் நின்றாலே பெரிசு. ஓடுவது உன்னைப் பிடிக்காததால் இல்லை.

சியாட்டிலில் பட்ரிஷியா கூல் என்பவரும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், வீட்டில் இங்கிலீஷ் மட்டும். சீன மாண்டரின் பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து விளையாடினார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிஷம், நான்கு வாரத்தில் 12 தடவை. மொத்தம் ஐந்து மணி நேரம்தான். இங்கிலீஷில் இல்லாத மாண்டரின் ஒலிகளைப் பிள்ளைகள் பிரித்தறியத் தொடங்கிவிட்டன! அதே ஆட்கள், அதே பொம்மை, அதே பேச்சு, ஆனால் டி.வி.யில் போட்டுக் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வெறும் ஒலிப்பதிவு கேட்டவர்களுக்கும் அப்படியே. காது இருந்தது, மொழி இருந்தது, எதிரில் பதிலுக்குச் சிரிக்கிற ஆள் மட்டும் இல்லை.

அப்படியானால் போன் திரையும் டி.வி. மாதிரிதானே என்று நீ உடனே மூக்கைச் சிந்துவாய், எனக்குத் தெரியும். இல்லை, மங்கை. 2014-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புது வினைச்சொற்களை மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில், ஸ்கைப்பில், பதிவு செய்த வீடியோவில். நேரிலும் ஸ்கைப்பிலும் கற்றுக்கொண்டார்கள், பதிவில் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளை செய்ததற்கு எதிரில் இருப்பவர் அந்தக் கணமே பதில் கொடுத்தால் போதும், கண்ணாடித் திரை குறுக்கே இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட 2016-ல், ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

ஆனால் நீ பண்ணுவது கால் இல்லை, பரீட்சை. "இது என்ன? சொல்லு. யானை சொல்லு. பாட்டி சொல்லு. ஃப்ளையிங் கிஸ் குடு." உன் கெமிஸ்ட்ரி லேப் வைவா ரிட்டயர்மென்ட்டோடு முடிந்தது, அதைப் பேரனிடம் எடுக்காதே! பதில் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடும்.

இப்படிச் செய். இப்போது அங்கே குளிர்காலம், பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். உனக்கு சனி, ஞாயிறு இரவு ஒன்பது என்றால் அவனுக்குக் காலை பத்தரை. சாப்பிட்டு முடித்து விளையாடுகிற நேரம், அதைப் பிடி. மார்ச்சில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்புறம் உனக்கு எட்டு மணி. வார நாளில் அவர்கள் டே-கேருக்கு ஓடுகிற நேரத்தில் கூப்பிட்டால் திவ்யாவின் அவசரம்தான் அவனுக்கு ஒட்டும். பத்து நிமிஷம் போதும், வாரத்தில் மூன்று தடவை. போனைக் கையில் பிடிக்காமல் டப்பாவில் சாய்த்து நிறுத்து. உன் நெற்றியும் மின்விசிறியும்தான் அவனுக்குத் தெரிகிறது. விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும், விளக்கைப் பார்த்து உட்கார். பேசும்போது அவன் படத்தைப் பார்க்காமல் மேலே இருக்கும் கேமராவைப் பார், அப்போதுதான் நீ அவன் கண்ணைப் பார்க்கிற மாதிரி அங்கே தெரியும். உன் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு மாமியும் ஒரே சமயத்தில் எட்டிப் பார்க்க வேண்டாம். வாட்ஸாப்பில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒரு குரல் விழுங்கப்படும்.

அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சொல். லாரி பொம்மையை உருட்டுகிறான் என்றால் நீ யானைப் படத்தைக் காட்டாதே. "லாரி! லாரி போகுது. டும், இடிச்சிடுச்சு." மூன்று, நான்கு சொல்லில் முடி. பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. உனக்கு அது மகா கஷ்டம், ஆனாலும் எண்ணு, ஏனென்றால் சத்தம் போய்வர ஒரு நொடி, அவன் யோசிக்க மீதி. அவன் "லா" என்றாலும் அது பதில்தான். "ஆமா, லாரி! பெரிய லாரி" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடு. 'லா இல்லடா, லாரி' என்று திருத்தாதே. இங்கிலீஷில் "கான்" என்றால், "போயிடுச்சா? லாரி போயிடுச்சு" என்று உன் தமிழில் தொடர்.

நண்டூருது நரியூருது விளையாடு, ஆனால் திவ்யாவின் கை வேண்டும். நீ உன் உள்ளங்கையில் பருப்புக் கடைய, அவள் அவன் உள்ளங்கையில் கடையட்டும். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று நீ சொல்லச் சொல்ல அவள் மடக்கட்டும். கடைசி விரலில் நிறுத்து. உடனே நண்டை விடாதே. அவன் உன் முகத்தைப் பார்ப்பான், தோளைக் குறுக்கிக்கொள்வான், மூச்சைப் பிடித்துக்கொள்வான். அந்த நிறுத்தத்தில்தான் "பாட்டிக்கு" என்றோ "நண்டு" என்றோ அவன் வாயிலிருந்து தானே வரும். பிறகு கை மேலே ஏறட்டும். பேச்சு ஒலிக்கும், தொடுகைக்கும், எதிர்பார்ப்புக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒரு விளையாட்டைச் செய்துவைத்த கிழவிகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனிமேல்தான் முக்கியமானது. அவன் விழுந்து அழுதாலோ, பொம்மைக்காக அடம்பிடித்துக் கத்தினாலோ ரமேஷ் "அப்புறம் பேசுறோம்மா" என்று போனை வைத்துவிடுகிறான், இல்லையா? எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பாட்டிக்குச் சிரித்த முகம் மட்டும் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆதிக்கு உன்னிடமிருந்து கிடைக்கிற தமிழெல்லாம் யானை, பூனை, பந்து என்று படப்புத்தகத் தமிழாகவே நின்றுபோகும். வலிக்குது, பயமா இருக்கு, கோபமா, வேணாம், பிடிக்கல, விடு, கிட்ட வா என்கிற சொற்கள் எந்த நேரத்தில் தேவையோ அந்த நேரத்தில் நீ இருக்கமாட்டாய். அழுகிற பிள்ளைக்கு "வலிக்குதாடா கண்ணு, முட்டியா? ஊதிவிடும்மா திவ்யா" என்று நீ சொன்னால், அந்தச் சொல்லும் வலியும் அம்மா ஊதுகிற காற்றும் சேர்ந்தே உள்ளே போகும். சும்மா இருக்கும்போது 'வலி' என்பதை எந்தப் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பாய்? ஆகையால் ரமேஷிடம் கேட்டுக்கொள். அழுதால் போனைத் திருப்பிவைக்கட்டும், குரலாவது கேட்கட்டும், ஆனால் கட் பண்ண வேண்டாம். நீயும் அங்கே கண் கலங்கி உட்காராதே. மெதுவாக, தாழ்ந்த குரலில், நீட்டிப் பேசு. காய் விடுவதும் பழம் விடுவதும்கூட அவனுக்குத் தெரியட்டும். பாட்டியோடு ஒரு சண்டை போட்டுச் சேர்ந்தால் பத்து நாள் கொஞ்சலைவிட அதிகம் பேசுவான்.

"பாட்டிகிட்ட பேசலன்னா பாட்டி அழுவேன்" என்று மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதே. உன் ஆறுதலுக்கு அவன் பொறுப்பில்லை. அதேபோல திவ்யாவிடம் "நீ இங்கிலீஷ் பேசினதாலதான்" என்று ஆரம்பித்துவிடாதே. டாக்டர் சொன்னதைக் கேட்ட பயந்த பெண் அவள். "நீ தமிழ்ல கொஞ்சுறப்ப அவன் எப்படிச் சிரிக்கிறான் பாரு" என்று சொல், அது உண்மையும்கூட. காது டெஸ்ட்டையும் மதிப்பீட்டையும் ரமேஷிடம் தனியாகப் பேசு, ஆதி பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

பெரியசாமி சார் அடுத்த மாதம் நியூ ஜெர்சி எடிசன் போகிறாராம். அவரிடம் ஒரு துணிப்பை கொடுத்தனுப்பலாம். சொப்புச் சாமான் ஒரு செட், சின்ன எவர்சில்வர் டம்ளர், படப்புத்தகம் ஒன்று. எல்லாவற்றிலும் உனக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொள். அவன் டம்ளரைத் தட்டினால் நீயும் தட்டலாம், சேர்ந்து சமைக்கலாம். சொப்பு மரத்தில் இருக்கட்டும், சாயம் போகாததாகப் பார்த்து வாங்கு. நான் மலைக்கோட்டைப் பக்கம் போகும்போது பார்க்கிறேன்.

ஃப்ரிட்ஜ் தாளில் என்னென்ன சொல் ஏறியது என்று ஒரு வாரம் கழித்து அப்படியே நகலெடுத்து அனுப்பு, அவன் சொல்கிற மழலையிலேயே எழுது, நீ திருத்தி எழுதாதே. காது டெஸ்டுக்கு நாள் வாங்கியாச்சா என்பதை மட்டும் அதற்கு முன்னாலேயே போனில் சொல்லிவிடு.

உன்,
விசாலம்