கை கழுவும் இடத்தில் வாசனையில்லாத ஒரு சோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாளை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்போதெல்லாம் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும், விரலிடுக்கை ஏன் விட்டுவிடக் கூடாது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. எதைக் கொண்டு கழுவுவது என்பது மட்டும் ‘ஏதாவது ஒரு நல்ல சோப்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரித்து வெடிக்கும் கரப்பான் நோய் உள்ளவர்களுக்குச் சிக்கலே அந்த வரியில்தான் இருக்கிறது.

நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். சிறு வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் உண்டு. அக்கா மகளுக்கும் அதே தோல்தான் வாய்த்திருக்கிறது. பள்ளியில் கழிப்பறைக்குப் போய் வந்தால் அவள் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள் என்று ஆசிரியை அக்காவிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் அதற்காக அவளுக்குத் திட்டும் விழுந்தது. தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, “அந்த ரோஸ் கலர் சோப்பு போட்டா எரியுது சித்தி” என்றாள். கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் கணுக்கள் மேலெல்லாம் கோடு கோடாக வெடிப்பு. அந்தக் கையோடு அவள் சோப்பைத் தொடாமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவள் சுத்தம் தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கியதுதான் பொறுக்கவில்லை.

சோப்பு ஏன் எரிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவில் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் வழக்கமான சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை போகும். அந்த அளவுகோலில் ஒரு எண் கூடினாலே பத்து மடங்கு வித்தியாசம் என்பதை நினைத்துப் பாருங்கள். இதோடு, தோல் செல்களுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருப்பது உள்ளே வராமலும் காப்பது அதுதான். சோப்பு அழுக்கு எண்ணெயை எடுக்கும்போது இதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. நல்ல தோல் சில மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளும். எக்ஸிமா தோலுக்கு அந்தச் சக்தி குறைவு. ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் இருக்கும் குறை எக்ஸிமாவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அது இருப்பதில்லை. ஆனால் தோலின் ஈரத்தையும் அமிலத்தன்மையையும் காப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு இருப்பதால், சிலருடைய கை மட்டும் ஏன் சீக்கிரம் வறண்டு வெடிக்கிறது என்பது அதிலிருந்து ஓரளவு புரிகிறது.

அப்படியானால் எதை வாங்குவது? என் வார்டுக்கு வரும் தாய்மார்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது ‘பெர்ஃப்யூம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற சொற்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல வேதிப்பொருட்கள் அடங்கியிருக்கலாம். தொடு ஒவ்வாமை வர முன்னணிக் காரணங்களில் வாசனைப் பொருட்களும் உண்டு. முன்பக்கம் ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருப்பதை எடுத்து, பின்பக்கத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். மூலிகை, இயற்கை என்று போட்டிருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் இயற்கைதான், ஆனால் வெடித்த கையில் அவையும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

அடுத்தது நுரை. நிறைய நுரைத்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நுரைக்கும் சுத்தத்துக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு கிடையாது. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டைத்தான், தோல் எரிச்சலைப் பற்றி ஆராய்பவர்கள் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெயர் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கும் எதையும் நான் வாங்குவதில்லை. (பட்டியலில் முதலில் வருவதுதான் அதிக அளவில் இருக்கும்.) அதற்குப் பதிலாக சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் போன்ற மென்மையான பொருளில் செய்த ‘சின்டெட்’ கட்டிகள் கிடைக்கின்றன. பார்க்க சோப்புக் கட்டி மாதிரியேதான் இருக்கும், ஆனால் பிஎச் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும். கூடவே கிளிசரினும் இருந்தால் நல்லது.

திரவ ஹேண்ட் வாஷில் இன்னொரு பெயரையும் தேட வேண்டும்: மெத்தில்ஐசோதயாசோலினோன். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலிலேயே தங்கும் கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்துவிட்டது. கழுவிவிடும் பொருட்களில் மட்டும் மிகக் குறைந்த அளவுக்கு அனுமதி இருக்கிறது. ஏற்கெனவே இது ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் தவிர்ப்பதே நல்லது.

‘கிருமிகளைக் கொல்லும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும் சோப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் அதைத்தான் தேடி எடுக்கிறார்கள். ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைப் பொதுமக்களுக்கான கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் சொல்லிவிட்டது. சாதாரண சோப்பும் தண்ணீரும் தருவதைவிட அவை அதிகப் பாதுகாப்பு தருகின்றன என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். சாதாரண வாழ்க்கையில், மென்மையான சோப்பை 20 விநாடி தேய்த்து நன்றாக அலசினாலே போதும்.

தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சுடுதண்ணீர் கொழுப்பை இன்னும் வேகமாக எடுக்கும். மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கினால் அங்கேதான் அரிப்பு முதலில் வரும், கழற்றிவிட்டு அலசுங்கள். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத கெட்டிக் கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவ வேண்டும். கை அழுக்காக இல்லாத நேரத்தில் ஆல்கஹால் சானிடைசர் உண்மையில் சோப்பைவிடத் தோலுக்கு இதமானது என்றால் பலர் நம்புவதில்லை. வெடிப்பில் பட்டால் எரியும்தான். எங்கள் பிரிவில் கையில் வெடிப்பில்லாத நாளெல்லாம் நான் அதையே அதிகம் பயன்படுத்துகிறேன். வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டுவிட்டு வந்தால் மட்டும் சோப்புதான். நோரோவைரஸ் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளை ஆல்கஹால் சரியாகப் போக்காது.

இவ்வளவு கவனித்தும் கை ஆறவில்லை என்றால் சோப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்து, சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பெயரோடு தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, வீட்டில் இதெல்லாம் முடியும். வெளியே என்ன செய்வது? பள்ளி, அலுவலகம், மருத்துவமனை, ரயில் நிலையம் எங்கே போனாலும் பெயரில்லாத ஒரு டப்பாவில் கலர் திரவம் இருக்கிறது. பெரிய கேனிலிருந்து ஊற்றி நிரப்புகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று துடைக்கும் ஊழியருக்கும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. பாவம், நாள் முழுக்க அந்தத் திரவத்திலேயே கை வைப்பவரும் அந்த ஊழியர்தான். துப்புரவுப் பணியாளர்கள், முடி திருத்துபவர்கள், எங்களைப் போன்ற செவிலியர்கள் இவர்களுக்குக் கை எக்ஸிமா அதிகம் வருவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

அக்கா மகளின் பையில் இப்போது ஒரு சிறு டப்பாவில் அவளுக்கான சோப்பு இருக்கிறது. வகுப்பு ஆசிரியையிடம் பேசினோம், அவர் புரிந்துகொண்டார். ஆனால் சொல்லத் தெரியாத, சொல்லக் கூச்சப்படும் குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நிறுவனங்களை நடத்துபவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். கை கழுவும் இடத்தில் வாசனையும் நிறமும் இல்லாத மென்மையான சோப்பை வையுங்கள். அப்புறம், கேன்மேல் இருக்கும் பொருட்பட்டியலை ஒரு நகல் எடுத்து டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 15 கட்டுரையில் நீங்களும் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒருவர்