மூன்று ஞாயிறாகப் போன் வரவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் "டூட்டிம்மா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தையோடு சரி. நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படு.

உன் ரூம்மேட்டிடம் பேசினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கூப்பிட்டேன். உயிரை விடப் பார்த்து உங்கள் வார்டுக்கு வந்த அந்தக் காலேஜ் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். வருகிறவர் போகிறவரெல்லாம் "படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணலாமா" என்று கேட்டுக்கொண்டிருக்க, நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாயாம். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லையாம். அப்புறம், "இப்பவும் சாகணும்னு தோணுதா" என்று கேட்டாயாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்கிறவரிடம்தான் மனசு திறக்கும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று அவள் கெஞ்சியபோதும் பொய் வாக்குக் கொடுக்காமல், டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும், சொல்லும்போது நானும் கூட இருக்கிறேன் என்றாயாமே. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்கிய அவள் அப்பாவிடம், கடுமையான மன அழுத்தத்தில் செய்ததாகத்தான் 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று தைரியம் சொன்னதும் நீதானாம்.

அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகிப் போனதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்றும் உன் ரூம்மேட் சொன்னாள். ஏன் பாப்பா? யாரோ பெற்ற பிள்ளைக்கு விடிய விடியக் காது கொடுக்கிறவளுக்கு அம்மாவோடு பேச ஐந்து நிமிஷம் இல்லையா? சரி, விடு. சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

பெரியம்மா வீட்டு வளைகாப்பு நன்றாக நடந்தது. சின்ன மாமா உன்னை விசாரித்தான். வேட்டியை மடித்துக் கட்டும்போது அவன் கணுக்கால் தெரிந்தது. அந்தத் தழும்பு சைக்கிள் செயினில் பட்டது என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மையில்லை.

2000 தையில் அவன் தூக்கம் போனது, பேச்சு மாறியது. என்னவென்று எனக்குத் தெரியும், தினமும் வார்டில் பார்ப்பதுதான். உன் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். தாத்தா அவனை மனநோயாளிகளை அடைத்து வைக்கிற ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டபோது வாயைத் திறக்கவில்லை. காலில் சங்கிலி போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மறுநாள் டூட்டியில் யார் வீட்டுத் தம்பிக்கோ கஞ்சி ஊட்டினேன்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் அதே மாதிரி ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகை விடியற்காலை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். செய்தி கேட்டதும் ஓடினேன். நம்மவன் இருந்தது வேறு ஊர். அங்கேயும் அதே ஓலை, அதே சங்கிலி. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்து மாத்திரை ஆரம்பித்தோம். அதற்குப் பிறகுதான் அவன் கடைக்குப் போனது, கல்யாணம் ஆனது எல்லாம். அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட, "உனக்கு என்னடா பண்ணுது" என்று நான் அவனைக் கேட்கவில்லை.

இப்போதும் பார், இட்லி, எண்ணெய் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதியே கேட்டுவிடுகிறேன். பாப்பா, உனக்கும் சாகணும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் சொல். நான் திட்ட மாட்டேன், அழவும் மாட்டேன். அழுதாலும் நீ கண்டுகொள்ளாதே, சொல்லு. என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு. நீ நோயாளிகளுக்குக் கொடுக்கிற நம்பர்தான், நர்ஸ் கூப்பிட்டாலும் பேசுவார்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள்.

எழுதி முடித்ததும் இதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ராத்திரி பொதிகையில் ஏறுகிறேன், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். டூட்டி இருந்தால் சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் போ. இட்லிப் பொடி கொண்டுவருகிறேன். இன்றைக்கு ராத்திரி மாடிக்குப் போகாதே. அவளைக் கூடவே படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா